ஆச்சியின் ஐந்தொகை

ஒரு சின்னக் கணக்கு. பேப்பர், பேனா தேவையில்லை. டிக்கெட் வாங்கிவிட்டு பாக்கி சில்லறைக்காகக் கண்டக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மனசுக்குள்ளேயே போட்டு விடலாம்.

ஒருவர் 1958-இல் சினிமாவில் நடிக்க வருகிறார். 1985-க்குள் ஆயிரம் படங்களைத் தாண்டிவிடுகிறார். அப்படியானால் எத்தனை நாளைக்கு ஒரு படம்?

இருபத்தேழு வருஷம். வருஷத்துக்கு முப்பத்தேழு படம். அதாவது பத்து நாளைக்கு ஒன்று. தீபாவளி, பொங்கல், காய்ச்சல், தலைவலி, பிரசவம் எதையும் கழிக்காமல். நம்ம ஆபீசில் பத்து நாளைக்கு ஒரு ஃபைல் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு நகர்ந்தாலே அன்றைக்கு டீ செலவு யாராவது ஏற்றுக்கொள்கிறார்கள்!

இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கின்னஸ்காரர்கள் தங்கள் புத்தகத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயரை எழுதிக்கொண்டார்கள். பெயர் மனோரமா. நமக்கு ஆச்சி.

சிரிப்பு நடிகையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நாலு ஜோக்கை எடுத்துப் போட்டு முடித்துவிடலாம். ஆனால் நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு என்று பார்க்கிற வியாதி. எங்கள் பாடப் புத்தகத்தில் பாலன்ஸ் ஷீட்டுக்கு 'ஐந்தொகை' என்று ஓர் அழகான தமிழ்ப் பெயர் உண்டு. ஆச்சியின் வாழ்க்கைக்கு ஓர் ஐந்தொகை போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. போட்டேன். ஓரிடத்தில் பேனா நின்றுவிட்டது. அந்த இடத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

ஆரம்ப இருப்பு

நான் இருப்பது தலத்தெரு. காரைக்கால்தான். வெளியூரில் "காரைக்கால்" என்று சொன்னால் போதும், கேட்கிறவர் ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு, "வரும்போது ரெண்டு வாங்கிட்டு வாங்க, தம்பி" என்பார். எதை என்று சொல்லவே மாட்டார். அந்தப் புகழை ஓரமாக வையுங்கள். எங்கள் ஊரிலிருந்து திருவாரூர் போய் பஸ் மாறினால் மன்னார்குடி. மதில் அழகு, குளம் அழகு என்று பெயர் வாங்கிய ராஜகோபாலசுவாமி கோவில் ஊர். அங்கேதான் 1937 மே 26-ஆம் தேதி கோபிசாந்தா என்கிற பெண் குழந்தை பிறந்தது. அப்பா காசி கிளாக்குடையார். அம்மா ராமாமிர்தம்.

ஆரம்ப இருப்பு என்று பார்த்தால் அங்கேயே நஷ்டம்தான். அப்பா, அம்மாவின் தங்கையையே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். அக்காவுக்கு அந்த வீட்டில் இடமில்லாமல் போனது. ராமாமிர்தம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். டெல்டாவின் வயலையும் வாய்க்காலையும் விட்டுவிட்டு, தண்ணீருக்குக் கண்மாயை நம்பியிருக்கிற செட்டிநாட்டுச் சீமைக்கு. காரைக்குடி பக்கத்தில் பள்ளத்தூர்.

அங்கே அம்மா வீட்டு வேலை செய்து மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினார். பிறகு அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. அம்மா செய்த வீட்டு வேலையை மகள் செய்ய ஆரம்பித்தாள். பாத்திரம், துணி, வாசல், குழந்தை பார்த்துக்கொள்வது.

'ஆச்சி' என்பது செட்டிநாட்டில் வீட்டுப் பெரிய அம்மாவைக் கூப்பிடுகிற மரியாதைச் சொல். எந்த வீடுகளில் "ஆச்சி, வேலை முடிஞ்சுது, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போகிற பெண்ணாக அவள் இருந்தாளோ, அதே சொல்லால் பிற்பாடு ஒரு நாடே அவளைக் கூப்பிட்டது. இதை ஒரு சினிமாவில் வைத்தால், "ஓவரா இருக்கே ஸார், கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்று தயாரிப்பாளர் சொல்லிவிடுவார்.

பாட்டு நன்றாக வந்தது. அதுதான் கையிலிருந்த ஒரே மூலதனம். பன்னிரண்டு வயசில், ஊருக்கு வந்த நாடகக் கம்பெனியில் பாடத் தெரியாத நடிகைக்குப் பதிலாக ஒருத்தி தேவைப்பட்டது. நாடகத்தின் பெயர் 'அந்தமான் காதலி'. பள்ளத்தூர் கோபிசாந்தா மேடை ஏறினாள். நாடகக்காரர்கள் வைத்த பெயர்தான் மனோரமா. பிறகு ஊர் ஊராக நாடகம், எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றம், சென்னை.

தேய்மானம்

1957 ஆகஸ்ட்டில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் காலமானார். மறு வருஷம், 1958-இல், கண்ணதாசன் சொந்தமாக எடுத்த 'மாலையிட்ட மங்கை' படத்தில் மனோரமா அறிமுகமானார். ஒரு கடை ஷட்டரை இறக்கியது, பக்கத்திலேயே இன்னொரு கடை திறந்தது.

அந்தப் படத்தில் கொடுத்தது காமெடி வேஷம். மேடையில் கதாநாயகியாக வசனம் பேசிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்த இருபத்தொரு வயசுப் பெண்ணுக்கு இது எப்படி இருக்கும்? டிகிரி முடித்துவிட்டு மேனேஜர் வேலைக்கு இன்டர்வியூ போன பையனை, "தம்பி, டெஸ்பாட்ச் செக்‌ஷன்ல உக்காருங்க" என்று சொன்ன மாதிரி இருந்திருக்கும். ஆனால் கண்ணதாசன் ஒரு விஷயம் சொன்னாராம். கதாநாயகி என்றால் சில வருஷத்தில் காணாமல் போய்விடுவாய், காமெடி என்றால் காலத்துக்கும் நிற்பாய் என்கிற மாதிரி. மனோரமாவே பல பேட்டிகளில் இதை நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

கண்ணதாசன் பி.காம். படித்தவர் இல்லை. ஆனால் அவர் சொன்னது சுத்தமான அக்கவுன்ட்ஸ். எங்கள் பாஷையில் 'தேய்மானம்'. லாரி வாங்கினால் வருஷா வருஷம் மதிப்பு குறையும். நிலம் வாங்கினால் குறையாது. சினிமாக் கணக்கில் கதாநாயகியின் முகம் லாரி, சிரிக்க வைக்கிற திறமை நிலம். எந்தப் பக்கம் முதலீடு என்பதுதான் கேள்வி.

லாரியையும் அவர் ஓட்டிப் பார்க்காமல் இல்லை. 1963-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'கொஞ்சும் குமரி'யில் அவர்தான் கதாநாயகி. அதன் பிறகு மறுபடி நிலத்துக்கே வந்துவிட்டார். அவரோடு அந்தக் காலத்தில் கதாநாயகியாக வந்தவர்களை நினைத்துப் பாருங்கள். கல்யாணம் ஆகிப் போனார்கள், அக்கா வேஷத்துக்குப் போனார்கள், அம்மா வேஷம் பிடிக்காமல் வீட்டோடு போனார்கள். மனோரமா மட்டும் காலையில் ஒரு படம், மத்தியானம் ஒரு படம், ராத்திரி ஒரு படம் என்று ஷிஃப்ட் போட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

ஜோடிக் கணக்கு

இந்த இடத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மனோரமாவுக்கு முன்னால் தமிழில் சிரிப்பு நடிகைகளே இல்லையா? இருந்தார்கள். டி.ஏ.மதுரம் சாதாரண ஆளா? கலைவாணர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் உள்ளே போனபோது, வெளியே நாடகக் கம்பெனியையும் நடத்திக்கொண்டு, லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் வழக்கையும் நடத்தியவர். ஆனாலும் திரையில் அவர் பெரும்பாலும் என்.எஸ்.கே.யின் ஜோடி. 'என்.எஸ்.கே. - மதுரம்' என்று ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். எம்.சரோஜா என்றால் தங்கவேலு. இட்லி என்றால் சட்னி என்கிற மாதிரி.

மனோரமாவுக்கு யார் ஜோடி? நாகேஷா? ஆமாம். சோவா? ஆமாம். தேங்காய் சீனிவாசன்? ஆமாம். சுருளிராஜன்? அவரும்தான். கணக்குப் பார்த்தால் கதை தலைகீழ். அவர் யாருக்கும் ஜோடியில்லை. வந்தவர்கள் எல்லோரும் அவருக்கு ஜோடி. நடிகர்கள் மாறினார்கள், காலம் மாறியது, கறுப்பு வெள்ளை கலரானது. எதிரே நிற்கிற ஆச்சி மாறவில்லை.

இன்னொன்று. அன்றைய சினிமாவில் பெண் என்றால் சிரிக்க வைப்பதற்கு இரண்டு வழிதான். ஒன்று, புருஷனிடம் திட்டு வாங்குவது. இரண்டு, புருஷனைத் திட்டுவது. மனோரமா மூன்றாவதாக ஒரு வழி வைத்திருந்தார். நாக்கு. 1968-இல் வந்த 'பொம்மலாட்டம்' படத்தில் மெட்ராஸ் பாஷையில் சொந்தக் குரலில் ஒரு பாட்டுப் பாடினார். பள்ளத்தூரில் வளர்ந்த பெண், ஜாம்பஜாரிலேயே பிறந்த மாதிரி. செட்டிநாடா, கொங்கா, நெல்லையா, பிராமண பாஷையா, எதைக் கேட்டாலும் அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் நம்மைக் கொண்டுபோய் இறக்கிவிடுவார். ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பு. மீதியை ஜனங்கள் பேசுவதைக் கேட்டே படித்தார். பரீட்சை மட்டும் வாழ்நாள் பூராவும் எழுதிக்கொண்டிருந்தார்.

ஜில் ஜில்

அதே 1968-இல்தான் 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்பு, 'கலைமணி' என்ற பெயரில் எழுதிய தொடர்கதை. எடுத்தவர் ஏ.பி.நாகராஜன். எங்கள் பக்கத்துக் கதை ஸார் இது. நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரம். எங்கள் ஊரிலிருந்து நாகப்பட்டினம் போய் அப்படியே திரும்பினால் சிக்கல். மோகனாம்பாள் திருவாரூர். படத்தில் சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று ஒவ்வொருவரும் ஒரு படத்தைத் தனியாகத் தூக்கி நிறுத்தக்கூடியவர்கள். இத்தனை யானைகளுக்கு நடுவே ஒரு நாடகக்காரியாக உள்ளே வருகிறார் மனோரமா. ஜில் ஜில் ரமாமணி.

வருவது கொஞ்ச நேரம்தான். ஒரு குழந்தைத்தனமான இழுப்பு. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, இந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, இல்லை எல்லா நாயனத்திலும் வருமா என்று சிவாஜியிடமே கேட்பார். இதில் ஒரு ஜோக்கும் இல்லை. எழுதிப் பார்த்தால் சாதாரணக் கேள்வி. அதை அவர் கேட்கும்போது சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும், இந்தப் பெண்ணுக்கு இவர் மேல் எவ்வளவு பிரியம் என்று தொண்டையில் என்னவோ செய்கிறது. சிவாஜிக்கு எதிரில் நின்றால் மற்றவர்கள் காணாமல் போவது வழக்கம். அந்தக் காட்சியில் சிவாஜியே கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டு நிற்கிறார். பெரிய நடிகர்களுக்கு எங்கே ஒதுங்குவது என்று தெரியும்.

'பெண் சிவாஜி' என்று அவரைச் சொல்வார்கள். அரைகுறையாகச் சொல்கிற மாதிரிதான் எனக்குப் படுகிறது. சிவாஜி கடைசி வரை சிவாஜியாக இருந்தார். ஆச்சி எந்த வேஷத்திலும் ஆச்சியாகத் தெரியவில்லையே!

அழகைக் கழற்றி வைப்பது

அழகைப் பற்றி ஒரு வார்த்தை. கதாநாயகி கண்ணாடி முன்னால் உட்காருவது அழகாக ஆவதற்கு. சிரிப்பு நடிகை உட்காருவது, இருக்கிற அழகைக் கழற்றி வைப்பதற்கு. 1992-இல் 'சின்னக் கவுண்டர்' படத்தில் விஜயகாந்துக்கு அம்மாவாக வந்தபோது முன்னால் துருத்துகிற பல் செட்டை மாட்டிக்கொண்டார். இன்றைக்கும் அந்தப் பல்லைத்தான் ஜனங்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். நம்மில் யாராவது ஒருவர், பாஸ்போர்ட் போட்டோவுக்குக் கூட அப்படி ஒரு பல்லை மாட்டிக்கொண்டு நிற்போமா? சீப்பு இல்லாமல் போட்டோ ஸ்டூடியோ பக்கமே போகாத ஜாதி நாம்.

காரைக்கால்காரனுக்கு இந்த விஷயம் புதுசில்லை. எங்கள் ஊரின் பெரிய திருவிழாவே அழகை வேண்டாம் என்று சொன்ன ஒரு பெண்ணுக்குத்தான். புனிதவதி. கணவன் பரமதத்தன் அவளைக் கண்டு பயந்து கப்பலேறிப் போய், பாண்டிய நாட்டில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டான். இவனுக்காகச் சுமந்த இந்த அழகு இனி எனக்கு எதற்கு என்று கேட்டு, அதை உதறிப் பேயுருவம் வாங்கிக்கொண்டாள் புனிதவதி. பிறகு காரைக்கால் அம்மையார் ஆனாள். ஆனி மாசம் மாங்கனித் திருவிழாவில் இன்றைக்கும் ஊரே மாம்பழத்தை வாரி இறைக்கிறது. பரமதத்தன் என்ன ஆனான் என்று யாரும் விசாரிப்பதில்லை.

பக்தியையும் சினிமாவையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். விட்டுப் போன புருஷன், உதறிவிட்ட அழகு, பிறகு ஊர் பூராவும் 'அம்மா' என்று கூப்பிட்டது. இந்த வரிசை மட்டும் அடிக்கடி ஞாபகம் வருகிறது. அவ்வளவுதான்.

வீட்டுக் கணக்கு

மனோரமாவுக்கும் ஒரு பரமதத்தன் இருந்தார். நாடக மன்றத்தில் கூட நடித்த எஸ்.எம்.ராமநாதன். காதல். 1964-இல் கல்யாணம். ஓர் ஆண் குழந்தை. 1966-இல் பிரிவு. குழந்தையின் ஜாதகம் அப்பாவுக்கு ஆகாது என்று யாரோ ஜோசியர் சொன்னதால்தான் அவர் விட்டுப்போனார் என்று மனோரமா சொல்லியிருக்கிறார். சினிமாவில் ஜோசியர் வந்தால் சிரிப்போம். எத்தனை படங்களில் ஆச்சியே அந்த மாதிரி ஜோசியர்களை ஓட ஓட விரட்டியிருப்பார்! வீட்டுக்கு வந்த ஜோசியத்தை விரட்ட முடியவில்லை.

பிறகு அவர் மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா ராமாமிர்தம், மகன், படப்பிடிப்பு. இவ்வளவுதான் வீடு. அம்மாவை அவர் அப்பா விட்டார், மகளைக் கணவர் விட்டார். ஒரே வீட்டில் இரண்டு தலைமுறை, ஒரே மாதிரி பற்று. ஆனால் அந்த வீட்டில் சம்பளம் கொண்டு வந்தது யார், அடுப்பை எரிய வைத்தது யார் என்று பார்த்தால் எந்தப் பக்கத்திலும் ஆண் பெயர் இல்லை.

சிரிக்க வைக்கிற பெண்களுக்கு வீடு அமையாது என்று ஏதாவது விதி இருக்கிறதா என்ன? உலகம் பூராவும் சிரித்த லூசில் பால் கதையைக் கேளுங்கள். அமெரிக்காக்காரி. ஹாலிவுட்டில் ரொம்ப காலம் இரண்டாம் தரப் படங்களில் அலைந்து, 1951-இல் சொந்தக் கணவர் டெசி ஆர்னஸோடு சேர்ந்து 'ஐ லவ் லூசி' என்கிற டி.வி. நிகழ்ச்சி தொடங்கினார். கணவன் - மனைவி அசட்டுச் சண்டைதான் கதை. நாடே பொட்டி முன்னால் உட்கார்ந்தது. அந்த ஜோடியை வைத்துத் தம்பதிகள் சமாதானம் ஆனார்களாக இருக்கும். நிஜ வீட்டில் நிலைமை வேறு. 1960 மார்ச்சில் இரண்டு பேரும் ஜோடியாக நடித்த கடைசிப் படப்பிடிப்பு முடிந்தது. மறுநாள் லூசில் பால் விவாகரத்து மனு போட்டார்.

ஆனால் அங்கே ஒரு வித்தியாசம். லூசிக்குச் சொந்தமாக ஸ்டூடியோ இருந்தது. டெசிலு. 1962-இல் கணவரின் பங்கையும் விலைக்கு வாங்கி, தானே முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். 1967-இல் அதை விற்றபோது விலை 1 கோடியே 70 லட்சம் டாலர். சிரிப்பு அவர் பெயரில் சொத்தாகப் பதிவானது.

நம் ஆச்சிக்கு ஸ்டூடியோ இல்லை. பங்கு இல்லை. ஆயிரம் படத்தின் எந்த பிரிண்ட்டும் அவருடையதில்லை. ஒவ்வொரு நாளும் போய் உழைத்து அன்றன்றைக்குச் சம்பளம். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் லாபம் வேறொருவர் பெட்டிக்கு. ஆயிரம் வீடு கட்டிய கொத்தனார் மாதிரி. இது மாதச் சம்பளக்காரர்களான நமக்குப் புரிகிற கணக்கு. கம்பெனி நம்முடையது இல்லை. ஆனால் நாம் ஒருநாள் போகாவிட்டால் தெரியும்.

கண்ணம்மா

1986-இல் ஏவிஎம் எடுத்து விசு இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்'. நடுவில் கோடு போட்டுக் குடும்பம் பிரிந்த கதை. அதில் ஆச்சிக்கு என்ன வேஷம்? வீட்டு வேலைக்காரி கண்ணம்மா. கிஷ்முவை அவர் மடக்குகிற அந்த ஒரு காட்சிக்காகவே படத்தை மூன்று தரம் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் உண்டு. வசனம் மனப்பாடமாகத் தெரியும். கல்யாண வீட்டில் சாம்பார் வாளியோடு நடித்தே காட்டுவார்கள்.

ஆனால் பள்ளத்தூர் கணக்கை ஞாபகம் வைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பாருங்கள். இடுப்பில் செருகின முந்தானை, முதலாளி முன்னால் நிற்கிற விதம், யாரிடம் குரலை உயர்த்தலாம், யாரிடம் கூடாது என்கிற அந்த அளவு. இதையெல்லாம் எந்த டைரக்டரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. பன்னிரண்டு வயசுக்குள் படித்த பாடம். படத்தில் அந்த வீட்டுப் படித்த பிள்ளைகளை விடத் தெளிவாக யோசிக்கிறவள் வேலைக்காரி கண்ணம்மாதான்.

'புதிய பாதை' படத்துக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. சிறந்த துணை நடிகை. படம் வந்தது 1989-இல். வருஷத்தைக் கவனியுங்கள். அறிமுகமாகி முப்பத்தொரு வருஷம், ஆயிரம் படம் தாண்டி நாலு வருஷம். அதுவும் 'துணை'. 2002-இல் பத்மஸ்ரீ. பிரமோஷனுக்காக நீங்கள் காத்திருக்கிறீர்களே, உங்களுக்கு எத்தனை வருஷம் ஆச்சு?

நற்பெயர்

அரசியலும் ஒரு தடவை ஆச்சியின் கணக்கைக் கலைத்தது. ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்று அவரைச் சொல்வார்கள். மேடையில் அண்ணா, கலைஞர், சினிமாவில் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆர். இத்தனை பேரோடும் நடித்துவிட்டு அரசியல் வெயில் படாமல் இருந்தவர், 1996 தேர்தலில் ஜெயலலிதாவுக்காகப் பிரசாரம் போனார். எதிர் அணிக்கு ஆதரவு கொடுத்த ரஜினியை மேடைகளில் காரமாகத் தாக்கினார். 'அண்ணாமலை'யில் பெற்ற பிள்ளையாகக் கொஞ்சிய அதே ரஜினியை! அ.தி.மு.க. தோற்றது. ஜெயலலிதாவே தோற்றார். பத்து நாளைக்கு ஒரு படம் நடித்தவருக்குப் போன் மணி அடிப்பது குறைந்தது.

அந்த நேரத்தில் 1997-இல் வந்த 'அருணாசலம்' படத்தில் அவரைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டவர், திட்டு வாங்கிய ரஜினிதான். ஏன் என்பதைப் பின்னால் ஒரு விழா மேடையில் ரஜினியே சொன்னார். 'பில்லா' படப்பிடிப்பு சமயம், ரஜினியின் உடல்நிலையை வைத்து வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் பைத்தியம் என்று கேலி பேசியிருக்கிறார். அந்த ஆளை வெளியே அனுப்பினால்தான் படப்பிடிப்பு என்று நிறுத்தியவர் மனோரமா. அன்றைக்கு அணைத்த கை ஆயிரம் தடவை அடித்தாலும் தாங்கலாம் என்பது ரஜினியின் கணக்கு.

எங்கள் அக்கவுன்ட்ஸ் புத்தகத்தில் 'நற்பெயர்' என்று ஓர் இனம் வரும். கண்ணுக்குத் தெரியாத சொத்து. பீரோவில் வைக்க முடியாது, அடகு வைக்க முடியாது. கடை எரிந்து போனால்கூட அது எரியாது. மாணவர்களுக்கு நம்பிக்கையே வராத பாடம் அது. அந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பேனா நின்ற இடம்

2015 அக்டோபர் 10-ஆம் தேதி சென்னையில் ஆச்சி காலமானார். 78 வயது. முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா நேரில் வந்து அஞ்சலி செலுத்தினார். கூட நடித்தவர்கள் எல்லோரும் வந்தார்கள்.

இனி அந்த இடம். ஆரம்பத்தில் சொன்னேனே, ஐந்தொகை போடும்போது பேனா நின்றது என்று.

இடது பக்கம் வீட்டுக் கணக்கின் தேதிகளை எழுதினேன். 1964 கல்யாணம். பிறகு குழந்தை. 1966 பிரிவு. வலது பக்கம் படங்களை எழுதினேன். 1966 'அன்பே வா'. 1967 'அனுபவி ராஜா அனுபவி'. 1968 'பொம்மலாட்டம்'. 1968 'தில்லானா மோகனாம்பாள்'.

இரண்டு பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டை அவர் அதிகமாகச் சிரிக்க வைத்த வருஷங்களும், வீட்டில் சிரிக்க ஒன்றுமில்லாத வருஷங்களும் ஒரே வருஷங்கள். இந்தப் பக்கத்து எண்ணை அந்தப் பக்கத்து எண்ணால் எப்படி நேர் செய்வது? எந்தப் புத்தகத்திலும் வழி சொல்லவில்லை.

நமக்கெல்லாம் மனசு சரியில்லை என்றால் ஒரு லீவு லெட்டர் இருக்கிறது. "வயிற்று வலி காரணமாக" என்று எழுதி, பக்கத்து சீட் நண்பனிடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிடலாம். அவருக்கு ஒன்பது மணிக்குக் கால்ஷீட். சிரிக்க வைக்க வேண்டியது வேலை. போனார்.

அடுத்த தடவை டி.வி.யிலோ செல்போனிலோ 'தில்லானா' ஓடினால், ஜில் ஜில் ரமாமணி வருகிற இடத்தில் எப்போதும் போலச் சிரியுங்கள். சிரிக்காமல் இருக்க முடியாது. தலையைச் சாய்த்துக்கொண்டு நாயனத்தைப் பற்றிக் கேட்கிறாளே, அந்தப் பெண்ணுக்கு அப்போது முப்பத்தொரு வயசு. புருஷன் போய் இரண்டு வருஷம். வீட்டில் பாட்டியிடம் ஒரு சின்னப் பையன், அம்மா எப்போ வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிற வயசு.